சிறுநீரக நோயாளிகளுக்காகக் கினபாலு ஏறுகிறோம்: பினாங்கிலிருந்து வருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்குத் தீவிலிருந்தும் செபராங் பிறையிலிருந்தும் ஒரு குழுவாகச் சபாவுக்குப் போய்க் கினபாலு மலை ஏறுகிறோம். அதையொட்டித் திரட்டும் பணத்தை, டயாலிசிஸ் (இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சை) செய்துகொள்ள வசதியில்லாத சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுக்கிறோம். பெயர் கொடுக்கும் முன் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீளமானவை. பணம் பற்றியதையும் உடம்பு பற்றியதையும் மட்டுமாவது முழுக்கப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அரசாங்க மருத்துவமனைதான் இருக்கிறதே. அப்புறம் எதற்கு நன்கொடை?

நியாயமான கேள்வி. நம் நாட்டில் குடிமக்கள் அரசாங்க மருத்துவமனையில் வெளிநோயாளியாக மருத்துவரைப் பார்க்க 1 ரிங்கிட், நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட் என்று பழகியவர்கள். டயாலிசிஸும் அப்படித்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவருக்கு வாரத்தில் 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் ரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரை, கிடைக்காவிட்டால் வாழ்நாள் முழுக்க. அரசாங்க மருத்துவமனைகளில் இருக்கும் இயந்திரங்கள் இத்தனை பேருக்குப் போதாது. அதனால் பெரும்பாலோர் வெளியே தனியார் மையங்களுக்கோ அறப்பணி மையங்களுக்கோதான் போகிறார்கள்.

அங்கே செலவை யார் கட்டுவது? தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் சந்தா நிபந்தனைகளை நிறைவு செய்த தொழிலாளிக்கு அதுவே கட்டும். அரசாங்க ஊழியருக்கும் ஓய்வூதியக்காரருக்கும் பொதுச் சேவைத் துறை கட்டும். தகுதியுள்ள முஸ்லிம்களுக்கு ஸக்காத் நிதி உண்டு. இந்த மூன்றிலும் சேராதவர்கள் இருக்கிறார்கள். ஒட்டுக்கடை வைத்திருந்தவர், நாள்கூலிக்குப் போனவர், சந்தா கட்டாத முதலாளியிடம் பல ஆண்டுகள் லாரி ஓட்டியவர், வேலைக்கே போகாமல் பிள்ளைகளை வளர்த்த அம்மா. இவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர்.

ஒரு முறைக்கு 200 ரிங்கிட் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத்துக்கு 13 முறை, ஆக 2,600 ரிங்கிட். 2025 முதல் நம் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஊசி, மருந்து, போக்குவரத்து எல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

சமூக நலத் துறைக்கும், சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். மருத்துவமனையில் இதற்கென்றே மருத்துவ சமூகப் பணி அதிகாரிகள் இருக்கிறார்கள். எங்களிடம் வருபவர்களை முதலில் அவர்களிடம்தான் அனுப்புகிறோம். ஆனால் விண்ணப்பம் போட்ட அன்றே பணம் வந்துவிடாது. விசாரணை, பத்திரங்கள், கூட்டம் என்று வாரங்கள் ஓடும். சிறுநீரகம் அதுவரை காத்திருக்காது. ஒரு வாரம் சுத்திகரிப்பு இல்லாவிட்டால் உடம்பில் நீர் கோத்து மூச்சுத் திணறும்; ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுவிடலாம். நாங்கள் திரட்டும் பணம் முதலில் போவது இந்த இடைவெளிக்குத்தான். விண்ணப்பம் போட்டதற்கும் முடிவு வருவதற்கும் இடையே ஒரு முறைகூடத் தவறக்கூடாது என்பதற்காக.

மீதி, போக்குவரத்துக்குப் போகிறது. நிபோங் திபாலிலும் சுங்கை பாக்காப்பிலும் உள்ள தோட்டப் பகுதிகளிலிருந்து மையத்துக்கு வந்து போக பஸ் எளிதில் கிடைப்பதில்லை. சிகிச்சை முடிந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அந்த நிலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மலை ஏறாமல் அந்தப் பணத்தை நேராகக் கொடுத்துவிட்டால் போதாதா?

போதும். கொடுங்கள். ஏறுகிறவரைவிட ஏறாமல் கொடுப்பவரை நாங்கள் ஒரு படிகூடக் குறைவாக நினைப்பதில்லை.

இருந்தும் ஏன் ஏறுகிறோம்? ஒருவர் கினபாலு ஏறப் போகிறேன் என்று சொல்லி மாதக்கணக்கில் பயிற்சி செய்யும்போது, வீட்டில், வேலையிடத்தில், கோயிலில், கல்யாண வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள்: எதற்கு இந்த வயதில் இதெல்லாம்? பதில் சொல்லும்போது சிறுநீரகத்தைப் பற்றிப் பேச்சு வருகிறது. அந்தப் பேச்சு நம் வீடுகளில் நடப்பதே அபூர்வம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயதுவந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) நோய். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். டயாலிசிஸுக்கு வரும் புதிய நோயாளிகளில் பெரும் பங்கினருக்குச் சிறுநீரகம் கெட்டதற்குக் காரணம் அந்த இனிப்புநீர்தான். கடைசிக் கட்டம் வரை வலியே இருக்காது என்பதால், கால் வீங்கும்போதுதான் கிளினிக்குக்குப் போகிறார்கள்.

அதனால் எங்கள் குழுவில் சேருகிற ஒவ்வொருவரும் முதலில் ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) ஆகிய நான்கையும் பரிசோதித்துக்கொண்டு வர வேண்டும். நன்கொடை கேட்கப் போகும் வீடுகளிலும் இதைச் சொல்லிவிட்டு வர வேண்டும். 20 ரிங்கிட் கொடுத்தவர் மறுநாள் அரசாங்க கிளினிக்குக்குப் போய்ச் சிறுநீரைப் பரிசோதித்துக்கொண்டால், அது அந்த 20 ரிங்கிட்டைவிடப் பெரிய பலன்.

என் விமானச் சீட்டு, தங்குமிடம் எல்லாம் நன்கொடையிலிருந்து வருமா?

வராது. ஒரு காசுகூட வராது. எங்கள் குழுவில் விட்டுக்கொடுக்க முடியாத விதி இது ஒன்றுதான்.

சில நாடுகளில் அறப்பணிப் பயணங்கள் வேறு மாதிரி நடக்கின்றன. நீங்கள் ஒரு குறிப்பிட்ட தொகை திரட்டினால் அதிலிருந்தே உங்கள் பயணச் செலவைக் கழித்துக்கொண்டு மீதியை நோயாளிக்குக் கொடுப்பார்கள். வெளிப்படையாகச் சொல்லிச் செய்தால் அதில் தப்பில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. ஆயர் ஈத்தாமில் இடியாப்பம் விற்கும் ஒரு அக்கா 10 ரிங்கிட் கொடுக்கிறார் என்றால், யாரோ ஒருவருடைய ரத்தம் சுத்தமாக வேண்டும் என்று கொடுக்கிறார். என்னைச் சபாவுக்கு அனுப்பக் கொடுக்கவில்லை.

ஆகவே மலைக்கான அனுமதி, வழிகாட்டி, தங்குமிடம், சாப்பாடு, விமானம், காப்புறுதி எல்லாம் உங்கள் கைப்பணம். மொத்தத்தில் 2,000 ரிங்கிட்டுக்கு மேல் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செலவு இப்போது கையைக் கடிக்கும் என்றால் அடுத்த முறை வாருங்கள். கடன் வாங்கிக்கொண்டு தயவுசெய்து வராதீர்கள்.

எவ்வளவு திரட்ட வேண்டும்? எப்படி?

குறைந்தபட்சத் தொகை என்று எதுவும் வைக்கவில்லை. ஒரு நோயாளியின் ஒரு மாதச் சிகிச்சை என்பதை மனத்தில் வைத்துக் கேளுங்கள் என்று மட்டும் சொல்கிறோம். அப்படிச் சொன்னால் கொடுப்பவருக்கும் புரிகிறது: 200 ரிங்கிட் என்றால் ஒரு முறை. நாலு பேர் சேர்ந்து 50 போட்டால் அதுவும் ஒரு முறை.

தெரிந்தவர்களிடம் நேரில் கேட்பதுதான் எப்போதும் பலன் தருகிறது. வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் போட்டால் பத்துப் பேர் கைகூப்பும் படம் போடுவார்கள், அத்தோடு நின்றுவிடும். அதே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனியாக, பெயர் சொல்லி அனுப்பினால் பதில் வருகிறது. தீபாவளிக்கு முறுக்கு, ஓமப்பொடி சுற்றி விற்ற குடும்பங்கள் உண்டு. பிறந்தநாளுக்குப் பரிசு வேண்டாம், இதற்குக் கொடுங்கள் என்று சொன்னவர்களும் உண்டு.

பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். நாம் பணம் கொடுக்கும் அறப்பணி டயாலிசிஸ் மையத்தின் வங்கிக் கணக்குக்கோ அதன் டுயிட்நவ் (வங்கிப் பணமாற்று முறை) கியூஆர் குறிக்கோ நேராகப் போகட்டும். ரொக்கமாகத்தான் கொடுப்பேன் என்று பெரியவர்கள் யாராவது சொன்னால், வாங்கி அன்றைக்கே மையத்தில் கட்டி ரசீதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். நம் ஊரில் நோயாளியின் படத்தைக் காட்டி ஏமாற்றியவர்கள் இருக்கிறார்கள். மக்கள் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்கும் ஆளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். எங்கள் அனுபவத்தில் அப்படிப்பட்டவர்கள்தான் ஆண்டுதோறும் தொடர்ந்து கொடுக்கிறார்கள்.

தைப்பூசத்தன்று உண்டியல் டின் ஏந்தலாமா? பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்)?

உங்கள் விருப்பத்துக்குச் செய்ய முடியாது. தெருவிலும் வீடுவீடாகவும் பணம் வசூலிப்பதற்கென்று 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. முறையான அனுமதி வேண்டும். கோயில் வளாகத்துக்குள் என்றால் கோயில் நிர்வாகத்தின் ஒப்புதலும் தேவை. அனுமதி எடுப்பதை மையமே பார்த்துக்கொள்ளும். அது கைக்கு வராமல் யாரும் டின்னைத் தூக்க வேண்டாம்.

கொடுப்பவர்களுக்கு வரிக்கழிவு கிடைக்குமா?

1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்து, அந்த அங்கீகாரம் குறிப்பிடப்பட்ட ரசீது வாங்கினால் கிடைக்கும். தனிநபருக்கு மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை. ரசீதில் பெயரும் மைகார்ட் (அடையாள அட்டை) எண்ணும் சரியாக இருக்கிறதா என்று கொடுக்கும்போதே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏப்ரலில் வந்து திருத்துவது எல்லோருக்கும் சிரமம்.

கினபாலு எவ்வளவு கடினம்?

கயிற்றில் தொங்கி ஏறும் மலை அல்ல. நல்ல நடை பழகிய சாதாரண மனிதர் ஏறலாம். ஆனால் எளிது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உயரம் 4,095 மீட்டர். நடை தொடங்கும் திம்போஹோன் வாயில் 1,866 மீட்டரில் இருக்கிறது. முதல் நாள் அங்கிருந்து 6 கிலோமீட்டர், பெரும்பாலும் படிகளும் வேர்களும் பாறைகளுமாக, பனலாபான் தங்குமிடம் வரை. அது ஏறத்தாழ 3,270 மீட்டர். வேகமானவர்களுக்கு 4 மணி நேரம். நிதானமாகப் போனால் 6, 7 மணி நேரம். மாலையில் சாப்பிட்டுவிட்டுப் படுத்து, மறுநாள் விடியற்காலை இரண்டு இரண்டரை மணிக்கெல்லாம் தலைவிளக்கோடு கிளம்ப வேண்டும். அங்கிருந்து உச்சி 2.7 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் 800 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். நம் கொடிமலையின் (பினாங்கு ஹில்) மொத்த உயரமே 833 மீட்டர். அதைக் கடல் மட்டத்திலிருந்து ஏறுவதற்குச் சமமானதை, இருட்டில், குளிரில், காற்று மெலிந்த இடத்தில், வழுக்குப் பாறையில் போட்டிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும்.

பலர் மறந்துவிடுவது இறக்கத்தை. உச்சி பார்த்த அதே நாளில் 8.7 கிலோமீட்டரும் இறங்கி வாயிலுக்கு வந்துவிட வேண்டும். 2,200 மீட்டருக்கு மேல் இறக்கம். முழங்காலும் தொடையும் அழுவது அப்போதுதான். சூரியோதயப் படத்தோடு கதை முடிந்துவிடுவதில்லை.

பினாங்கில் எங்கே பயிற்சி செய்வது?

நமக்கு இதில் குறையே இல்லை. தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகள் இருக்கின்றன. முதலில் அவற்றை நிற்காமல் ஏறி இறங்கப் பழகுங்கள். பிறகு ஒரே காலையில் இரண்டு தடவை, மூன்று தடவை. வேண்டுதல், பூசை என்று வந்திருப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் காலை நேரத்திலேயே போய்விடுங்கள்.

அடுத்தது தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்குப் போகும் ஜீப் பாதை. ஐந்து கிலோமீட்டரை ஒட்டிய தொடர்ச்சியான ஏற்றம், தார்ச்சாலைதான் என்றாலும் மூச்சு வாங்கும். மேலே போனதும் ரயிலில் இறங்கிவிடாதீர்கள், நடந்தே இறங்குங்கள். இறங்கத்தான் பயிற்சி வேண்டும். பாறையும் வேரும் பழக நிலவு வாயில் பக்கத்துக் காட்டுப் பாதை நல்லது. அக்கரையில் இருப்பவர்கள் புக்கிட் மெர்தாஜாமில் செரோக் தோக் குன் பாதையைப் பயன்படுத்தலாம். கடைசி மாதத்தில் எல்லோரும் சேர்ந்து கெடாவிலுள்ள 1,217 மீட்டர் ஜெராய் மலைக்கு ஒரு நாள் போய் வருவோம். அதற்குள் உங்கள் சப்பாத்து காலுக்குப் பழகியிருக்க வேண்டும்.

எட்டு முதல் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து செய்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெறிகொண்டு நடந்துவிட்டு மற்ற ஆறு நாளும் காரிலேயே போவது பயிற்சி ஆகாது. வேலையிடத்தில் மின்தூக்கியை விட்டுப் படியேறுவதும் கணக்குதான்.

எனக்கு இனிப்புநீர் இருக்கிறது. ரத்த அழுத்தமும் உண்டு. வரலாமா?

கட்டுப்பாட்டில் இருந்து, உங்கள் மருத்துவர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் வரலாம். மறைத்துக்கொண்டு மட்டும் வராதீர்கள். நம்மில் சிலருக்கு நோயைச் சொல்லக் கூச்சம். குழுத் தலைவருக்குத் தெரியாவிட்டால் மலையில் நீங்கள் தடுமாறும்போது அது களைப்பா, சர்க்கரை இறங்கியதா என்று யாருக்கும் தெரியாது.

இத்தனை மணி நேர நடையில் சர்க்கரை சட்டென்று இறங்கும். அன்றைக்கு மாத்திரை, இன்சுலின் அளவை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். குளுக்கோஸ் மாத்திரையோ இனிப்போ சட்டைப் பையிலேயே இருக்கட்டும், முதுகுப்பையின் அடியில் வேண்டாம். இன்சுலின் உறைந்தால் கெட்டுப்போகும், ஆகவே உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். குளிரில் சர்க்கரை பார்க்கும் கருவியும் சரியாக வேலை செய்யாமல் போகலாம். அதையும் உள்சட்டைப் பக்கம் வையுங்கள். இரவில் பாதங்களைப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தால் தெரியாது, அது புண்ணாகி மாதக்கணக்கில் ஆறாது.

நெஞ்சு வலி, அண்மையில் இதயச் சிகிச்சை, கட்டுக்கடங்காத ஆஸ்துமா, கர்ப்பம் என்றால் இந்தப் பயணம் வேண்டாம்.

மலைநோய் என்கிறார்களே, அது என்ன?

ஏறத்தாழ 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் வரலாம். இளைஞர், பலசாலி, ஜிம்முக்குப் போகிறவர் என்ற பேதம் இல்லை. உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. கினபாலுவில் கூடுதல் சிக்கல், நாம் மிக வேகமாக ஏறிவிடுகிறோம். கடலோரத்தில் இருக்கும் கோத்தா கினபாலுவில் காலையில் பசியாறிவிட்டு மாலையில் 3,270 மீட்டரில் படுக்கிறவர்கள் உண்டு. அதனால்தான் முந்தின இரவு, உடம்பு உயரத்துக்குப் பழகட்டும் என்று, மலைப்பகுதியான குண்டாசாங் பக்கம் தங்குகிறோம். செலவு கூடினாலும் அதை நாங்கள் குறைப்பதில்லை.

தலைவலி, குமட்டல், சாப்பாடு பிடிக்காமை, தூக்கமின்மை என்று தொடங்கும். அந்த நிலையில் மேலே ஏறக்கூடாது. ஓய்வெடுத்துச் சரியானால்தான் அடுத்த அடி. நேராக நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழறினால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே கீழே இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அசெட்டசோலமைட் என்ற மாத்திரை முன்கூட்டியே எடுத்தால் உதவும். ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு ஆபத்து வரலாம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் ஆகாது. நண்பரிடம் வாங்கிப் போடாமல் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

முழங்கால் வலிக்குப் பொன்ஸ்தான், வோல்டரன் எடுத்துக்கொள்ளலாமா?

இந்தக் கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்லியே ஆக வேண்டும். மெஃபனாமிக் அமிலம், டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபன் வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கின்றன. வியர்த்துக் கொட்டி, தண்ணீர் போதாமல், களைத்திருக்கும் உடம்பில் அவற்றைப் போட்டால் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படலாம். ஏற்கெனவே இனிப்புநீரோ ரத்த அழுத்தமோ இருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். கிளினிக்கில் கேட்டால் கொடுக்கிறார்கள், பார்மசியிலும் கிடைக்கிறது என்பதால் மிட்டாய்போல விழுங்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மூட்டு வலிக்கென்று வருடக்கணக்கில் அப்படி விழுங்கிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களும் டயாலிசிஸ் படுக்கையில் படுத்திருக்கிறார்கள்.

வலிக்குப் பாரசிட்டமால், முழங்கால் உறை, கைத்தடி, நிதானமான நடை. தண்ணீர் நிறையக் குடியுங்கள். அதற்கும் அடங்காத வலி என்றால் வழிகாட்டியிடம் சொல்லுங்கள்.

உச்சிக்குப் போக முடியாவிட்டால் நன்கொடையைத் திருப்பித் தர வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் கோத்தா கினபாலுவில் இறங்கும் முன்பே அந்தப் பணம் மையத்தின் கணக்கில் சேர்ந்து, யாருக்கோ சிகிச்சை நடந்துகொண்டிருக்கும். உச்சியைத் தொட்டால் இவ்வளவு, தொடாவிட்டால் இல்லை என்று யாரிடமும் பந்தயம்போலப் பணம் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டவர்கள்தான் தலை பிளக்கும் வலியோடும் மேலே போகப் பார்ப்பார்கள்.

மழை பெய்தாலோ காற்று பலமாக இருந்தாலோ பூங்கா அதிகாரிகளே உச்சிப் பாதையை மூடிவிடுவார்கள். உச்சிப் பாதையிலுள்ள சாயாட் சாயாட் சோதனைச் சாவடியை நேரத்துக்குள் தாண்டாதவர்களையும் திருப்பி அனுப்புவார்கள். வழிகாட்டி திரும்பு என்றால் திரும்ப வேண்டும், அங்கே பேச்சு இல்லை.

வழிகாட்டி கட்டாயமா? சுமை தூக்க ஆள் கிடைப்பாரா?

வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதியே இல்லை. பெரும்பாலும் அந்த மலையடிவாரத்து டூசுன் மக்கள். அவர்களுக்கு அது முன்னோர்களின் ஆவிகள் உறையும் புனித மலை. நாம் தண்ணீர்மலையில் எப்படி நடந்துகொள்கிறோமோ அப்படியே அங்கேயும் நடந்துகொள்ள வேண்டும். கூச்சல் வேண்டாம், குப்பை வேண்டாம், செடி பறிக்க வேண்டாம்.

2015 ஜூன் 5ஆம் தேதி காலையில் அங்கே நிலநடுக்கம் வந்து 18 பேர் இறந்தார்கள். வழிகாட்டிகளும் அதில் அடக்கம். பாறைகள் உருண்டுகொண்டிருந்தபோதே காயப்பட்டவர்களை முதுகில் சுமந்து இறக்கியவர்கள் இந்த மலை வழிகாட்டிகள். மாலிம் குனோங் என்று நாடே அவர்களை அன்று தெரிந்துகொண்டது. கூலியில் பேரம் பேசாதீர்கள். சுமை தூக்குபவருக்குக் கிலோ கணக்கில் கட்டணம். உங்களால் தூக்க முடியாததைக் கொடுத்து, நியாயமான கூலியும் கொடுங்கள். அது அவர்கள் வீட்டு அடுப்பு எரிவதற்கான வருமானம்.

என்ன எடுத்து வர வேண்டும்?

மைகார்ட் மறக்காதீர்கள். சபாவுக்குள் நுழையும்போது தீபகற்பத்திலிருந்து வரும் நாமும் குடிநுழைவுச் சோதனையைத் தாண்ட வேண்டும். மலைக்கு: மழை அங்கி, தலைவிளக்கு, கையுறை, காதை மூடும் தொப்பி, உலர்ந்த மாற்றுடை ஒரு செட், பிடிப்புள்ள சப்பாத்து. உச்சியில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். பருத்தி பனியன் வேண்டாம். நனைந்தால் காயாது, குளிர் எலும்பில் ஏறும். விலை உயர்ந்ததெல்லாம் தேவையில்லை. முந்தைய ஆண்டு போனவர்களிடம் குளிர்ச்சட்டைகள் இருக்கின்றன, இரவல் கேளுங்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் ஏற்பாடு செய்துவிடலாம். கையில் கொஞ்சம் கடலை, பேரீச்சை, அதிரசம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 60 வயதாகிறது. பெண்கள் தனியாக வரலாமா?

இரண்டுக்கும் பதில், வரலாம். வயதைவிடப் பயிற்சிதான் முக்கியம். படிகளில் நிதானமாக ஏறும் பெரியவர்கள் பல இளைஞர்களைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கிறார்கள். தங்குமிடத்தில் அடுக்குக் கட்டில் போட்ட பொது அறைகள். எங்கள் குழுப் பெண்களுக்கு ஒரே அறையில் இடம் கேட்டு வாங்குகிறோம். பனலாபானில் இருக்கும் படுக்கைகளைப் பொறுத்துத்தான் மலைக்கு அனுமதி கிடைக்கும் என்பதால், பல மாதங்களுக்கு முன்பே பெயர் கொடுத்துவிடுங்கள்.

யாருக்காக ஏறுகிறோமோ அவர்களைச் சந்திக்கலாமா? படம் எடுக்கலாமா?

சந்திக்கலாம். பயிற்சிக் காலத்தில் ஒரு தடவையாவது மையத்துக்குப் போய் வாருங்கள். படம் எடுக்க வேண்டாம். அவர்கள் சம்மதித்தாலும் வேண்டாம் என்பது என் கருத்து. உதவி பெறும் இடத்தில் இருப்பவருக்கு மறுப்பது கஷ்டம். கையில் ஊசிகள் குத்தியபடி, கண்மூடிப் படுத்திருக்கும் ஒருவரைக் காட்டித்தான் பணம் கேட்க வேண்டும் என்றில்லை. கணக்கைச் சொல்லிக் கேளுங்கள், மக்கள் கொடுக்கிறார்கள்.

வெறுங்கையோடு போகத் தயங்கிப் பழம் வாங்கிப் போகிறோம், அல்லவா? இங்கே அது கூடாது. வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். நட்சத்திரப் பழம் சிறுநீரக நோயாளிக்கு விஷமாகவே மாறும். தண்ணீரைக்கூட அளந்து குடிப்பவர்கள் அவர்கள். போர்வை கொண்டு போங்கள். அந்த நாலு மணி நேரமும் குளிர்சாதன அறையில் படுத்திருப்பவர்களுக்கு அது உபயோகப்படும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். நோயைப் பற்றியே கேட்காமல், எந்த ஊர், எந்தத் தோட்டம், பேரப்பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேளுங்கள்.

என்னால் மலைக்கு வர முடியாது. வேறு எப்படி உதவலாம்?

கார் இருந்தால் பெரிய உதவி. மையங்களில் முதல் சுற்று விடியற்காலையிலேயே தொடங்கிவிடும், அந்த நேரத்துக்கு நோயாளிகளைக் கூட்டிவர ஆள் கிடைப்பதுதான் மிகச் சிரமம். வாரத்தில் ஒரு நாள், ஒரே வழித்தடம், போகும்போது மட்டும் என்றாலும் சரி. கணக்கு எழுதத் தெரிந்தவர்கள் ரசீதுகளைச் சரிபார்க்கலாம். மலாயில் நன்றாக எழுதுபவர்கள் உதவி விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கலாம். பல பெரியவர்களுக்கு அந்தப் படிவம்தான் முதல் தடை. பயிற்சி நாள்களில் ஞாயிறு காலை தண்ணீர்மலை அடிவாரத்தில் கூடுகிறோம். வந்து, எதைச் செய்ய முடியும் என்று சொல்லுங்கள். ஓட்டுநர் பட்டியலும் விண்ணப்பப் பட்டியலும் அங்கேயே இருக்கும்.